பாம்புத் தொட்டியில் ஈரப்பதம்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். அங்கே நூலின் வலுவைச் சோதிக்கும் முன் அறையின் ஈரப்பதம் 65 சதவீதத்தில் நிற்க வேண்டும், இரண்டுக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது, வெப்பம் 27 டிகிரி. இல்லையென்றால் அன்றைக்கு எடுத்த அளவு செல்லாது. வீட்டில் ஒரு பால் பைத்தான் (ball python, ஆப்பிரிக்க மலைப்பாம்பு இனம்), ஆறு வயது. இந்த இரண்டு விஷயமும் வெளியே தெரிந்த நாளிலிருந்து, பாம்பு வளர்ப்பவர்கள் யாருக்காவது ஈரப்பதம் காட்டும் மீட்டரில் சந்தேகம் வந்தால் நேராக எனக்குத்தான் போன் வருகிறது. ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

ஏனுங்க்கா, மீட்டர்ல 60ன்னு காட்டுனா காத்துல 60 பங்கு தண்ணி இருக்குன்னு அர்த்தமுங்களா?

இல்லைங்க. அந்த வெப்பத்தில் காற்றில் அதிகபட்சம் எவ்வளவு நீராவி இருக்க முடியுமோ, அதில் 60 சதவீதம் இப்போது இருக்கிறது என்று அர்த்தம். காற்று சூடானால் அந்த அதிகபட்ச அளவு பெரிதாகிவிடும். அதனால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வெளியே போகாமலேயே ஈரப்பத எண் இறங்கும்: 25 டிகிரியில் 60 காட்டுகிற காற்றை அப்படியே 32 டிகிரிக்குச் சூடாக்கினால் அது 40 ஆகிவிடும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பாதிக் கேள்விகளுக்கு இதுதான் பதில்.

சரி, பாம்புக்கு எவ்வளவுதான் வேணும்?

எந்தப் பாம்பு என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவின் தென்கிழக்குப் பக்கத்துக் கார்ன் பாம்புக்கு 40 முதல் 60 வரை போதும். பால் பைத்தானுக்கு நான் 60க்குக் கீழே விடுவதில்லை, கண் நீலம் பூத்துச் சட்டை உரிக்கப் போகிற நாட்களில் 70க்கு மேல் வைக்கிறேன். அது மேற்கு, மத்திய ஆப்பிரிக்கப் புல்வெளிகளின் பாம்பு, அப்படியானால் வறண்ட ஊர்ப் பாம்புதானே என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பகல் முழுக்க அது எலி வளையிலும் கறையான் புற்றிலும்தான் கிடக்கிறது. மேலே புல் காய்ந்து கிடந்தாலும் புற்றுக்குள் ஈரம் இருக்கும். மண்வெட்டி பிடித்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

தோட்டத்துல சாரைக் குட்டி ஒண்ணு கிடைச்சுது, கண்ணாடித் தொட்டியில விட்டிருக்கேன். அதுக்கு எத்தனை வெக்கணும்?

தொட்டியில் வைக்கவே கூடாது. சாரை, நாகம், மலைப்பாம்பு எல்லாம் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறவை, வீட்டில் வளர்ப்பது குற்றம். வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். எலி பிடிக்க நாலு சாரை தோட்டத்தில் இருப்பது உங்களுக்குத்தான் லாபம். வெளிநாட்டு இனமான பால் பைத்தானுக்கும் காகிதம் உண்டு: அது காட்டு உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பின்னிணைப்பில் இருப்பதால், 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்திருக்க வேண்டும். ரசீது இல்லாமல் யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள்.

முள்ளு வெச்ச வட்ட மீட்டர் அழகா இருக்குது, கண்ணாடியிலயே ஒட்டிக்கலாம். அது போதாதுங்களா?

அழகாக இருக்கும், அவ்வளவுதான். உள்ளே ஈரம் பட்டால் நீண்டு, காய்ந்தால் சுருங்கும் ஒரு சுருள் இருக்கிறது, அதுதான் முள்ளைத் தள்ளுகிறது. விலை குறைந்தவற்றில் இது பத்து பதினைந்து தப்பாகக் காட்டுவது சாதாரணம், ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நகராமல் நிற்பதும் உண்டு. கடையில் ஐந்து மீட்டர் தொங்கினால் ஐந்தும் ஐந்து எண் காட்டும், போய்ப் பாருங்கள்.

டிஜிட்டல் வாங்குங்கள். எச்.டி.சி.-1 மாதிரி எல்லாக் கடையிலும் கிடைக்கும் மீட்டருக்குக் கூட்டல் கழித்தல் 5 என்று அட்டையிலேயே போட்டிருப்பான். அதாவது அது 60 காட்டினால் உண்மை 55 ஆகவும் இருக்கலாம், 65 ஆகவும் இருக்கலாம், அதில் பொய் எதுவும் இல்லை. கொஞ்சம் கூடச் செலவழித்தால் கூட்டல் கழித்தல் 2 என்று சொல்கிற சென்சார் கிடைக்கும். வயர் நுனியில் சென்சார் வருகிற மாதிரி வாங்கினால், எண் பார்க்க ஒவ்வொரு முறையும் தொட்டியைத் திறக்க வேண்டியதில்லை. திறந்தாலே ஈரம் போய்விடும்.

ரெண்டு மீட்டர் வாங்கி பக்கத்துல பக்கத்துல வெச்சேன். ஒண்ணு 58, ஒண்ணு 67. எதை நம்பறது?

இரண்டையும் நம்பாதீர்கள். சராசரி எடுத்து 62.5 என்றும் வைத்துக்கொள்ளாதீர்கள், இரண்டும் ஒரே பக்கம் தப்பாக இருந்தால் சராசரியும் தப்புதான். உப்புச் சோதனை செய்யுங்கள். காசு ஐந்து ரூபாய் ஆகாது.

அந்த உப்பு டெஸ்ட்டைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமா சொல்லுங்கக்கா.

உப்பும் கொஞ்சம் தண்ணீரும் சேர்ந்து மூடிய டப்பாவுக்குள் இருந்தால், உள்ளே இருக்கும் காற்று தானாகவே 75 சதவீதத்தில் வந்து நிற்கும். காற்றில் ஈரம் அதைவிடக் கூடினால் உப்பு இழுத்துக்கொள்ளும், குறைந்தால் அந்தச் சேற்றிலிருந்து தண்ணீர் ஆவியாகி ஈடுகட்டும். 20 டிகிரியிலிருந்து 30 டிகிரி வரை இந்த 75 ஏறக்குறைய அசையாது, நம்மூர் வீட்டுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்.

தண்ணீர் பாட்டில் மூடி ஒன்றில் பாதிக்கு மேல் தூள் உப்பு போட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். ஈர மணல் மாதிரி ஆக வேண்டும், கரைந்து உப்புத் தண்ணீராகிவிடக் கூடாது. மேலே உப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். அந்த மூடியையும் மீட்டரையும் இறுக்கமாக மூடும் சின்ன டப்பாவிலோ ஜிப் கவரிலோ போட்டு மூடி, வெயிலும் காற்றாடியும் படாத அலமாரியில் வைத்துவிடுங்கள். உப்பு மீட்டரைத் தொடக் கூடாது, சென்சாரில் உப்புப் பட்டால் அத்தோடு சரி. 12 மணி நேரம் போதும், டப்பா பெரிதென்றால் ஒரு நாள் விடுங்கள். கவரைத் திறக்காமல் வெளியிலிருந்தே எண்ணைப் பாருங்கள். 75 என்றால் நல்ல மீட்டர். 69 என்றால் 6 குறைத்துக் காட்டுகிறது. அதை ஒரு ஸ்டிக்கரில் எழுதி மீட்டர் முதுகிலேயே ஒட்டிவிடுங்கள், மறுநாள் மறந்துவிடும்.

கல்லுப்பு போட்டா ஆகாதா? வீட்டுல அதுதான் இருக்குது. இல்லாட்டி தோட்டத்து பொட்டாஷ்?

கல்லுப்பில் மெக்னீசியம் கலப்பு இருக்கும். ஐப்பசி மழையில் கல்லுப்புச் சாடி தானாகக் கசிந்து நீர் விடுகிறதே, அதற்கு அதுதான் காரணம். அந்தக் கலப்பு ஈரத்தைக் கூடுதலாக இழுப்பதால் டப்பாவுக்குள் 75க்குக் கொஞ்சம் கீழே நிற்கும், நீங்கள் நல்ல மீட்டரைத் தப்பு என்பீர்கள். சுத்திகரித்த தூள் உப்பு போடுங்கள், அயோடின் கலந்தது பரவாயில்லை, அதன் அளவு ரொம்பக் குறைவு.

பொட்டாஷ் கேள்வி நல்ல கேள்வி, கேட்டவர் காங்கயம் பக்கத்து விவசாயி. சுத்தமான பொட்டாசியம் குளோரைடு 84 சதவீதத்தில் நிற்கும், அது உண்மை. ஆனால் மூட்டையில் வருவது உரம், சாயமும் மண்ணும் கலந்தது. அதை வைத்து அளவு பார்க்க முடியாது.

69 வந்துதுங்க. அப்ப எப்பவும் 6 கூட்டிக்கிட்டா போதுமுங்களா?

60க்கும் 80க்கும் நடுவில் என்றால் கூட்டிக்கொள்ளுங்கள். பால் பைத்தானுக்கு நமக்கு வேண்டியது அந்த இடம்தான், அதனால் இந்தச் சோதனை நமக்குச் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் மீட்டர் 35 காட்டும்போதும் அதே 6 தப்பு இருக்கும் என்று சொல்ல முடியாது. 75இல் 6 குறைவாகக் காட்டுவது 40இல் 2 கூடுதலாகக் காட்டலாம். கார்ன் பாம்பு வைத்திருப்பவர்கள் கீழ்ப்பக்கமும் சரி பார்க்க நினைத்தால், லேப் கெமிக்கல் கடையில் மெக்னீசியம் குளோரைடு வாங்கி அதே முறையில் செய்யுங்கள், அது 33 பக்கம் நிற்கும்.

மீட்டரைத் தொட்டியில எங்க வெக்கறது? மேல ஒட்டுனா 48, தரையில வெச்சா 66 காட்டுது.

இரண்டும் நிஜம். மேலே சூடு அதிகம், வலை மூடி வழியாக வெளிக்காற்றும் வருகிறது, கீழே ஈரப் படுக்கை இருக்கிறது. பாம்பு கிடப்பது தரையில், அதனால் தரையிலிருந்து இரண்டு மூன்று அங்குல உயரத்தில் இருக்கும் அளவுதான் நமக்குக் கணக்கு. சூட்டு விளக்குக்கு நேர் கீழே, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே, காற்றுத் துளைக்குப் பக்கத்தில், ஈரப் படுக்கையைத் தொட்டபடி: இந்த நாலு இடமும் வேண்டாம். முடிந்தால் இரண்டு வையுங்கள், சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. ஒன்றுதான் இருக்கிறது என்றால் வாரம் ஒரு நாள் இடம் மாற்றி, பாம்பு படுக்கும் மறைவிடத்துக்குள்ளும் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, உள்ளே செலோ டேப் போட்டு ஒட்டாதீர்கள். டேப் கழன்று பாம்பின் உடம்பில் ஒட்டிக்கொண்டால் உரிக்கும்போது செதிலும் சேர்ந்து வரும். வெளியிலிருந்து வயரை உள்ளே விடுங்கள், அல்லது கிளிப் போடுங்கள்.

காலையில 75 இருந்துது, மத்தியானம் பாத்தா 45. தொட்டியை நான் தொடவே இல்லை. மீட்டர் கெட்டுப்போச்சா?

கெட்டுப்போகவில்லை. முதல் கேள்விக்குச் சொன்ன பதில்தான். விடிகாலை 24 டிகிரியில் 75 இருந்த காற்று, மத்தியானம் 33 டிகிரி ஆனால் 45க்கு வந்து நிற்கும், கணக்குப் போட்டாலே வருகிறது. ஆகவே ஈரப்பதத்தை எழுதி வைக்கும்போது பக்கத்தில் வெப்பத்தையும் எழுதுங்கள். வெப்பம் இல்லாத ஈரப்பத எண்ணை எங்கள் கூடத்தில் எழுதினால் மேலதிகாரி அந்தத் தாளையே கிழித்துப் போடுவார்.

செல்லுல பாத்தா கோயமுத்தூர் 82 சதவீதம்னு போடுதே, அப்புறம் எதுக்குத் தனியா மீட்டர்?

அது எங்கேயோ வெட்டவெளியில் அளந்ததோ, கணினி கணித்ததோ. உங்கள் வீட்டு ஹாலில், கண்ணாடித் தொட்டிக்குள், விளக்குக்குக் கீழே என்ன என்று அதற்கு எப்படித் தெரியும்? வானிலை எண்ணை ஒரு விஷயத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள்: இன்றைக்கு வெளியே வறட்சியா ஈரமா என்று தெரிந்துகொள்ள.

நம்மூருல எந்த மாசம் ரொம்ப சிரமம்?

மாசி, பங்குனி. நம்ம ஊர் மழை மறைவுப் பகுதி, கார்த்திகையோடு மழை ஓய்ந்தால் மண் காய ஆரம்பித்துவிடும். போன மார்ச் மாதம் மத்தியானம் மூன்று மணிக்கு எங்கள் ஹாலில் 29 பார்த்திருக்கிறேன், உப்பில் சோதித்த மீட்டரில். ஈரோடு, கரூர்க்காரர்களுக்கு வெயிலும் சேர்த்து இன்னும் மோசம். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வருகிறதே, அது குளிர்ச்சியாக இருப்பதால் ஈரம் என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். காற்றின் எண் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பல்லடம், பொள்ளாச்சி பக்கம் ஜன்னலைத் திறந்தால் வலை மூடி போட்ட தொட்டிக்குள் இருக்கும் காற்றை அது அள்ளிக்கொண்டு போய்விடும். ஐப்பசியில் நிலைமை தலைகீழ், காற்றோட்டத்தைக் கூட்ட வேண்டிவரும். வால்பாறையில் வைத்திருப்பவர் ஒருவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான், எப்படி இறக்குவது என்று.

வீட்டுக்குள் ஏசி காற்றைக் காயவைக்கும், ஏர் கூலர் ஈரமாக்கும். சீலிங் ஃபேன் ஈரத்தைக் குறைக்காது, ஆனால் வலை மூடித் தொட்டிக்கு ஆடிக் காற்று செய்கிற வேலையை அதுவும் செய்யும்.

ஸ்பிரே அடிச்சா 90 போகுது, அரை மணி நேரத்துல பழையபடி 50. நாள் முழுக்க அடிச்சுக்கிட்டே இருக்க முடியுமா?

வேண்டாம். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியில் இருக்கும் மொத்தக் காற்றிலும், 25 டிகிரியில் 60 சதவீதம் என்றால், அரை டீஸ்பூன் தண்ணீர்தான் ஆவியாக இருக்கிறது. அது போவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஸ்பிரே அடித்ததும் தெரியும் 90 என்பது சென்சாருக்குப் பக்கத்தில் விழுந்த துளிகளின் எண், தொட்டியின் எண் அல்ல. ஸ்பிரே அடித்தால் இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

ஈரத்தைப் படுக்கையில் சேமிக்க வேண்டும். பொள்ளாச்சியில் தென்னை நார்க்கழிவுக் கட்டி மலை மலையாகக் கிடக்கிறது, உலகம் முழுக்கப் பாம்பு வளர்ப்பவர்கள் இந்தச் சரக்கைத்தான் படுக்கையாகப் போடுகிறார்கள், நமக்குப் பக்கத்து ஊர். உப்பு போகக் கழுவியதாகக் கேட்டு வாங்கி, மூன்று நாலு அங்குலம் போட்டு, மூலையில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள்: அடிப்பக்கம் ஈரம், மேல்பக்கம் கையில் ஒட்டாத காய்ந்த பதம். மேல்பக்கமும் சொதசொதவென்று இருந்தால் வயிற்றுச் செதிலில் கொப்புளம் வரும். வலை மூடியில் மூன்றில் இரண்டு பங்கை அக்ரிலிக் தகட்டால் மூடுங்கள். இதைச் செய்தபின் நான் வாரத்துக்கு ஒரு தடவைதான் தண்ணீர் ஊற்றுகிறேன், அதுவும் மாசியில். போர்த் தண்ணீரை ஸ்பிரேயில் போட்டால் கண்ணாடி முழுக்க வெள்ளைத் திட்டு விழும். சிறுவாணி வருகிற வீடுகளுக்கு அந்தக் கவலை இல்லை, கொடுத்துவைத்தவர்கள்.

எங்க பட்டுப்புழுக் கொட்டகையில ஈரத்துணி சுத்துன தெர்மாமீட்டர் மாட்டியிருக்கோம். அதையே தொட்டிக்கு வெக்கலாமுங்களா?

கோபிப் பக்கத்துக் கேள்வி. இளம்புழுவுக்கு 85க்கு மேல் வைத்துப் பழகியவர்களுக்கு ஈரப்பதம் பற்றி நான் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை, ஆனால் இதற்கு என் பதில் வைக்க வேண்டாம் என்பதுதான். ஈரத்துணி போட்ட தெர்மாமீட்டர் சரியாகக் காட்ட அதன் மேல் காற்று வேகமாக ஓட வேண்டும். மூடிய தொட்டியில் காற்று நிற்கிறது, துணி போதுமான அளவு குளிராது, உண்மையைவிட ஈரம் கூடுதலாகத் தெரியும். போதாததற்கு அந்தத் துணியே தொட்டிக்குள் ஈரத்தைச் சேர்க்கும்.

ஆனால் மீட்டரைச் சரிபார்க்க அது அருமையான கருவி. அறையில் காற்றாடிக்கு நேராக, ஈரத்துணி சுற்றியது ஒன்று, துணி இல்லாதது ஒன்று என்று இரண்டு தெர்மாமீட்டரையும் பிடித்து, பக்கத்தில் உங்கள் டிஜிட்டல் மீட்டரை வைத்து, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். காய்ந்தது 30, ஈரமானது 24 என்றால் ஈரப்பதம் 61. காய்ந்தது 30, ஈரமானது 26 என்றால் 73. துணி கஞ்சி இல்லாத மெல்லிய பருத்தியாக இருக்கட்டும், புதுத் துணி என்றால் இரண்டு தடவை அலசுங்கள், நனைக்க பேட்டரித் தண்ணீர் (காய்ச்சி வடித்த நீர்) ஊற்றுங்கள். அதற்கு முன் இரண்டு தெர்மாமீட்டரையும் துணி இல்லாமல் வைத்து ஒரே எண் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அரை டிகிரி வித்தியாசம் இருந்தாலே ஈரப்பதத்தில் மூன்று நாலு தப்பு வந்துவிடும்.

மீட்டர் 99லயே நிக்குது. தொட்டி காஞ்சுதான் இருக்குது.

சென்சார் மேல் தண்ணீர் பட்டிருக்கிறது. வெளியே எடுத்து, ஏசி அறையிலோ, சும்மா காய்ந்த காற்றிலோ இரண்டு நாள் வையுங்கள். அரிசி டப்பாவில் போடாதீர்கள், அரிசித் தூசி சென்சாரில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் உப்புச் சோதனை. 75க்குத் திரும்பினால் பயன்படுத்தலாம், 85இல் நின்றால் தூக்கிப் போடுங்கள். தொட்டி கழுவும் மருந்து, ஸ்பிரிட், பெயின்ட் ஆவி எல்லாம்கூட சென்சாரைக் கெடுக்கும், கழுவும்போது மீட்டரை வெளியே எடுத்துவிடுங்கள். நான் வருடத்துக்கு இரண்டு முறை உப்பில் போடுகிறேன், தை முடிவிலும் புரட்டாசியிலும்.

வைஃபை மீட்டர் வாங்கினா நல்லதா?

வசதி. இரவில் எவ்வளவு ஏறியது, பகலில் எவ்வளவு இறங்கியது என்று கோடு போட்டுக் காட்டும். ஆனால் கோடு அழகாக இருப்பதால் அது சரி என்று ஆகாது, அதையும் உப்பில் போடுங்கள். சாதா மீட்டரிலேயே அதிகபட்சம், குறைந்தபட்சம் காட்டும் பொத்தான் இருக்கும், பாதிப்பேர் அதை அமுக்கியதே இல்லை.

உப்பு டெஸ்ட் பண்ணியாச்சு, மீட்டர் சரியா 62 காட்டுது, ஆனாலும் சட்டை துண்டு துண்டாத்தான் உரிக்குது. ஏனுங்க்கா?

எனக்கே நடந்தது. மீட்டர் சரி, எண் சரி, இடம்தான் தப்பு. குளிர்ந்த பக்கம், 27 டிகிரியில் 62 இருந்தது. என் பாம்பு அந்த மாதம் முழுக்கப் படுத்திருந்தது சூட்டுப் பக்கத்து மறைவிடத்தில், அங்கே 33 டிகிரி. முதல் பதிலில் சொன்ன கணக்கைப் போட்டால் அங்கே ஈரப்பதம் 44. சென்சாரை உள்ளே விட்டுப் பார்த்தேன், 43 காட்டியது. நான் ஒரு மாதமாகப் பாம்பு இல்லாத பக்கத்தின் ஈரப்பதத்தை நோட்டில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சூட்டுப் பக்க மறைவிடத்துக்குள் ஈரம் பிடித்துவைக்கும் ஸ்பேக்னம் பாசியை நனைத்துப் பிழிந்து ஒரு கைப்பிடி வைத்தேன், உள்ளே 70க்கு வந்தது. பழைய சட்டைத் துண்டுகளை, வெதுவெதுப்பான ஈரத்துண்டுக்குள் பாம்பைத் தானாக ஊர்ந்து போகவிட்டு எடுத்தேன். கண் மேல் சட்டை தங்கியிருந்தால் நகத்தால் நோண்டாதீர்கள், அடுத்த முறை சேர்ந்து வந்துவிடும், இரண்டு முறை ஆகியும் வரவில்லை என்றால் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். மூச்சு விடும்போது சத்தம், மூக்கில் குமிழி, வாயைத் திறந்தபடியே இருப்பது, இவை இருந்தால் அன்றைக்கே போங்கள், மீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். உண்ணி இருந்தாலும் சட்டை கிழிந்து வரும், அதையும் பார்த்துவிடுங்கள்.

ஐந்து வாரம் கழித்து அடுத்த சட்டை மூக்கிலிருந்து வால் நுனி வரை ஒரே துண்டாக வந்தது. குளிர்ந்த பக்கத்து மீட்டர் அன்றைக்கும் 62தான் காட்டியது.